மாசச் சம்பளத்த 22-ஆல வகுத்து ரேட் சொல்லாதீங்க

சென்னைல வரிக்கணக்கு பாக்குற வேலைல இருக்கேன். ஜூலை வந்தா ஓஎம்ஆர் பக்கம் ஐடில கான்ட்ராக்ட்ல இருக்கறவங்க நிறைய பேர் ரிட்டர்ன் போட வருவாங்க, அதுல பாதிப் பேர் வாங்குற நாள் ரேட் கட்டுமா கட்டாதான்னே பாக்காம ஒரு வருஷம் ஓட்டிருப்பாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கும்.

அப்படி வந்த ஒரு தம்பி, மாசம் 1 லட்சம் சம்பளத்த விட்டுட்டு நாளுக்கு 5,000ன்னு நேரடி கான்ட்ராக்ட்ல சேந்தவர். மாசத்துல 22 வேலை நாளுக்கு 1.10 லட்சம், மாசம் பத்தாயிரம் கூடங்கறது அவர் கணக்கு. ஆனா வருஷத்துல 365-ல சனி ஞாயிறு 104 போனா மிச்சம் 261 தான். பொங்கல், தீபாவளி, காய்ச்சல், ஊர்ல கல்யாணம், இதெல்லாம் முன்னாடி சம்பளத்தோட லீவு, இப்ப காசு வராத நாள், அதுல 30 போச்சு. டிசம்பர் கடைசில க்ளையன்ட் ஆபீஸ மூடுனது, ஒரு ப்ராஜெக்ட் முடிஞ்சு அடுத்தது கிடைக்கறவரை வீட்ல இருந்தது, இன்னொரு 30. ஆக 200 நாள் பக்கம், 10 லட்சம். பழைய சம்பளமே 12 லட்சம்ங்க.

அதுக்கு மேல பழைய கம்பெனி போட்டதும் இருக்கு. பேசிக் 50,000ன்னா பிஎஃப்ல அவங்க பங்கு 12 சதவீதம், வருஷம் 72,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) வருஷத்துக்கு 29,000 பக்கம். குடும்பத்துக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ், லேப்டாப், ஆடிட்டர் ஃபீஸ் எல்லாம் சேத்தா இன்னும் ஒரு லட்சம். பழைய 12 லட்சத்தோட சேந்து 14 லட்சம் ஆகுது, அத 200-ஆல வகுங்க, 7,000 வருது. பழைய நிலைமைல நிக்கறதுக்கே அந்த ரேட் வேணும்.

கான்ட்ராக்ட்னா வரி மிச்சமாகும்னு சொல்லுவாங்க. வருமான வரிச் சட்டத்துல சில தொழில்களுக்கான 44ஏடிஏ பிரிவுல வரவுல பாதிய மட்டும் வருமானமா காட்டலாம்கறது உண்மைதான், ஆனா 2025-26ல புது வரி முறைல சம்பளக்காரருக்கே 12.75 லட்சம் வரைக்கும் வரி இல்ல, அதனால இந்த அளவு வருமானத்துல அது பெரிய லாபம் இல்ல. பில்லுக்குப் பணம் தரும்போதே வரின்னு பிடிச்ச 10 சதவீதம் டிடிஎஸ் நம்ம காசு, ரிட்டர்ன் போட்டா வரி போக மிச்சம் திரும்பி வரும்.

நடுவுல ஆள் அனுப்புற கன்சல்டன்சி இருந்தா, க்ளையன்ட் 7,000 குடுக்கறான் எனக்கு 5,000 தான் வருதுன்னு கோபப்படறாங்க. க்ளையன்ட் 60 நாள் கழிச்சு குடுத்தாலும் உங்களுக்கு மாசக் கடைசில சம்பளம் வருதா, பிஎஃப் பாஸ்புக்ல ரெண்டு பங்கும் ஏறுதா, ப்ராஜெக்ட் இல்லாதப்ப பெஞ்ச்ல வெச்சு சம்பளம் தர்றாங்களான்னு பாருங்க, இதெல்லாம் இருந்தா அந்த 2,000 நியாயம்னுதான் நான் சொல்லுவேன். எதுவுமே இல்லாம பேப்பர்ல கன்சல்டன்ட்னு எழுதி டிடிஎஸ் மட்டும் பிடிச்சா அது அநியாயம், அதுலயும் க்ளையன்டுக்கும் உங்களுக்கும் நடுவுல ரெண்டு மூணு வெண்டார் இருந்தா ஒவ்வொரு கையும் எடுத்துட்டுதான் மிச்சம் வரும், அதனால சேர்றதுக்கு முன்னாடியே எத்தன கை மாறி வருதுன்னு கேட்டுடுங்க.

நேரடியா பில் போடறவங்க வரவு வருஷம் 20 லட்சம் தாண்டுனா ஜிஎஸ்டி எடுக்கணும், 18 சதவீதம். அக்ரிமென்ட்ல 'ஜிஎஸ்டி தனி'ன்னு இல்லன்னா க்ளையன்ட் ரேட்டுக்குள்ளயே அடக்கம்பான், 1 லட்சம் பில்லுல உங்களுக்கு நிக்கறது 84,746 தான். அப்புறம் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்னு அரசாங்கத்துல பதியறது, காசே கிடையாது, ஆதாரும் பான் கார்டும் இருந்தா போதும். பதிஞ்சிருந்தா அக்ரிமென்ட்ல என்ன எழுதிருந்தாலும் 45 நாளுக்குள்ள பணம் குடுக்கணும்னு 2006 எம்எஸ்எம்இ சட்டம் சொல்லுது, லேட்டானா ரிசர்வ் பேங்க் அறிவிக்கற 'பேங்க் ரேட்' மாதிரி மூணு மடங்கு வட்டி. குடுக்காம இழுத்தா, குடுக்கற வரைக்கும் அந்தச் செலவ அவங்க வரிக்கணக்குல காட்ட முடியாதுங்கறதும் 2024 ஏப்ரல்ல இருந்து நடைமுறைல இருக்கு, அதனால பெரிய கம்பெனி அக்கவுன்ட்ஸ்காரங்களே இப்ப உத்யம் நம்பர் இருக்கான்னு கேட்டு வாங்கிக்கறாங்க.

அந்தத் தம்பி ரினியூவலுக்கு 7,000 கேட்டு 6,500-ல முடிச்சார், ஜிஎஸ்டி தனின்னும் எழுதி வாங்கிட்டார். டிசம்பர் லீவுக்கு மட்டும் இன்னும் காசு இல்ல, அத அடுத்த தடவ பேசணும்னு குறிச்சு வெச்சிருக்கார்.