பெல்லட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியது உங்கள் பேரல்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாவதாக இறுதிச் சுற்றுக்குப் போனார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்துப் பத்தாவதாக நின்றுவிட்டார். வித்தியாசம் 0.8. இந்த விளையாட்டில் 0.1 புள்ளி என்பது டார்கெட்டில் கால் மில்லிமீட்டர். அதாவது 60 ஷாட்டிலும் மையத்தைவிட்டு விலகிய தூரத்தையெல்லாம் கூட்டினால், இருவருக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ 2 மி.மீ. மட்டுமே.

இந்தக் கணக்கு தெரிந்த பெற்றோருக்குப் பெல்லட், அதாவது ஏர் ரைஃபிளில் சுடும் சிறு ஈயக் குண்டு, பற்றிக் கவலை வருவது இயல்பு. டெல்லியில் துக்ளகாபாத் கர்ணி சிங் துப்பாக்கிச் சுடும் ரேஞ்சுக்கு மயூர் விஹாரிலிருந்தும் ஆர்.கே. புரத்திலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிவரும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பிராண்ட் வாங்கணும் சார்?" என்பதுதான். பெயர் சொல்வது சுலபம். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஜே.எஸ்.பி., க்யூ.ஒய்.எஸ். எல்லாமே நல்ல சரக்கு. ஆனால் பக்கத்து லேனில் 10.6 (ஒரு ஷாட்டுக்கு உச்சம் 10.9) அடிக்கும் பெல்லட் டின் உங்கள் பிள்ளையின் ரைஃபிளில் சிதறலாம். காரணம் பேரலுக்கும் (ரைஃபிளின் குழல்) பெல்லட்டின் தலைக்கும் உள்ள பொருத்தம்.

ஒரு மேட்ச் பெல்லட்டை விரலில் எடுத்துப் பாருங்கள். தலை தட்டையாக இருக்கும், காகிதத்தில் சுத்தமான வட்டத் துளை விழுவதற்காக. நடுவில் இடுப்பு ஒடுங்கி, பின்னால் மெல்லிய விளிம்போடு குழிந்திருக்கும். சுடும்போது காற்று அந்தக் குழிக்குள் புகுந்து விளிம்பை விரித்து பேரலின் சுவரோடு ஒட்ட வைக்கிறது. தலை அப்படி விரியாது. அது பேரலின் உட்சுவரில் உள்ள வரித்தடங்களை அளவாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். தளர்வாக இருந்தால் பெல்லட் சற்றுச் சாய்ந்து வெளியேறும். இறுக்கமாக இருந்தால் தலை உரசி நசுங்கும், வேகமும் ஷாட்டுக்கு ஷாட் மாறும். அதனால்தான் ஒரே பெல்லட்டை 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று தனித்தனி டின்னில் விற்கிறார்கள். ஒரே கம்பெனியின் ஒரே மாடல் ரைஃபிள் இரண்டு இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே அளவு பொருந்தும் என்று சொல்ல முடியாது.

எடையில் பெரிய குழப்பமில்லை. ரைஃபிளுக்கு 0.53 கிராம். 0.45, 0.49 என்று வரும் இலகுவானவை பெரும்பாலும் பிஸ்டலுக்கானவை. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவார், டின்னில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

சோதனை செய்யும் முறை இதுதான். ரைஃபிளை வைஸில் (அசையாமல் பிடிக்கும் இரும்புப் பிடி) பூட்டிச் சுடும் வசதி இருந்தால் நல்லது. இல்லையென்றால் மேசைமேல் மணல் மூட்டை வைத்து, நிதானமாகச் சுடும் ஒருவரே எல்லா டின்னையும் சுட வேண்டும். முதலில் ஃபெல்ட் துண்டுகளால் பேரலைச் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு டின் மாற்றும்போதும் முதல் 15 ஷாட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய பெல்லட் விட்டுப்போன ஈயப் படிவு நீங்கிப் புதியது படிய அவ்வளவு ஆகும். பிறகு பத்துப் பத்து ஷாட்டாக மூன்று குரூப் (ஒரே டார்கெட்டில் விழும் துளைக் கூட்டம்). ஐந்து ஷாட் குரூப்பை நம்ப வேண்டாம், மோசமான டின்கூட ஐந்தில் அழகாக விழும். குரூப்பின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை அளந்து, அதில் 4.5 மி.மீ. கழித்தால் மையத்துக்கு மையம் உள்ள சிதறல் கிடைக்கும். வைஸில் வெளியளவு 6 மி.மீ.க்குள் நின்றால் அந்த டின் உங்களுடையது. டின்மேல் ஒட்டியிருக்கும் லாட் நம்பரைக் (ஒரே தவணையில் தயாரானவற்றுக்கான எண்) குறித்துக்கொண்டு, அதே லாட்டில் கையில் இருக்கும் பணத்துக்கு முடிந்த அளவு வாங்கி வையுங்கள். ஒரு டின்னில் 500. நாளுக்கு 100 ஷாட் பயிற்சி என்றால் ஐந்து நாள்தான் வரும். அடுத்த இறக்குமதியில் அதே பெயர், அதே அளவு, வேறு லாட் வரும். அதை மறுபடியும் சோதிக்கத்தான் வேண்டும்.

எந்த டின்னுமே கூடி விழவில்லை என்றால் பெல்லட்டை விட்டுவிட்டு ரைஃபிளைப் பாருங்கள். குரோனோகிராஃபில் (பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) பத்து ஷாட்டின் வேகம் 170 மீட்டர்/விநாடியை ஒட்டி 3 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கினால், பெரும்பாலும் காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரில் அல்லது காற்று கசியாமல் அடைக்கும் சீலில் கோளாறு. ரைஃபிளின் காற்றுச் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். சிலிண்டரில் பொறித்த தேதியிலிருந்து 10 ஆண்டு தாண்டியிருந்தால் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், வீட்டிலும் அதை நிரப்பக் கூடாது.

இவ்வளவும் யாருக்கு? பிள்ளையின் சொந்தச் சிதறல் 10 மி.மீ. இருக்கும்போது, 3 மி.மீ. சிதறும் பெல்லட் சேர்ந்தால் மொத்தம் 13 ஆவதில்லை. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 10.4 தான். 1.5 மி.மீ. சிதறும் விலையுயர்ந்த பெல்லட்டில் 10.1. அந்த வித்தியாசத்துக்காகக் கடன் வாங்காதீர்கள். அந்தப் பணத்தைக் கோச்சுக்கும், சுடும்போது அணியும் ஜாக்கெட்டுக்கும் செலவிடுங்கள். சொந்தச் சிதறல் 4 மி.மீ.க்கு வந்த பிறகு அதே கணக்கு 5.0, 4.3 என்று ஆகும். அங்கேதான் லாட் தேடுவது பலன் தரும். 60 ஷாட்டில் நிலையாக 600க்கு மேல் எடுக்கும்வரை நடுத்தர விலை பெல்லட் போதும். பின்விளிம்பு நசுங்கியதை மட்டும் கண்ணால் பார்த்துப் பொறுக்கி ஒதுக்குங்கள். ஒவ்வொன்றாக எடை போடுவதைவிட அது அதிகம் உதவும்.

யூடியூபில் அமெரிக்கர்கள் வீட்டு மேசையில் வெடிமருந்து அளந்து தோட்டா நிரப்புவதைப் பார்த்துவிட்டு நம் பையன்களும் அப்படிச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவின்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஏர் ரைஃபிளை விட்டு .22 தோட்டா சுடும் ரைஃபிளுக்குப் போகிறவர்களும் மேலே சொன்ன லாட் சோதனையைத்தான் செய்ய வேண்டும்.

கடைசியாக, ஸ்கோரைவிட எங்களுக்கு அதிகக் கவலை தரும் விஷயம். பெல்லட் என்பது ஈயம். குழந்தைகளுக்கு ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியிருக்க, நாலைந்து பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். பயிற்சி முடிந்த கையோடு தயிர்சாத டப்பாவைத் திறந்தால் விரலிடுக்கில் உள்ளது அப்படியே வாய்க்குப் போகும். சானிடைசர் ஈயத்தை நீக்காது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும், நகக்கண்ணையும் தேய்க்க வேண்டும். டிபன் பையில் பெல்லட் டின்னை வைக்காதீர்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பெல்லட்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் ஊதாதீர்கள், அந்த டின்னை ஒதுக்கிவிடுங்கள். வீட்டில் பயிற்சி செய்தால் பெல்லட் விழும் பெட்டியைச் சுற்றித் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை வேறெதற்கும் பயன்படுத்தாமல் எறியுங்கள். தினமும் சுடும் பிள்ளைக்கு வருடம் ஒரு முறை ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ரேஞ்சுக்குப் போட்ட சட்டையை வீட்டில் கைக்குழந்தையின் துணியோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போடாதீர்கள்.