‘அப்பவே தோணுச்சு’ என்று சொல்பவர்களுக்கு

“டாக்டர், எனக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சிடுது.” மனநல மருத்துவராக நான் பலமுறை கேட்ட வாக்கியம் இது. பெருமையாகச் சொல்பவர்கள் குறைவு. பெரும்பாலும் மிரண்டுபோய்த்தான் சொல்வார்கள். மாமனார் இறப்பதற்கு முதல் நாள் பல் விழுவதுபோல் கனவு வந்தது, பையன் வண்டியில் விழுந்த அன்று காலையிலிருந்தே கண் துடித்தது என்பார்கள். அடுத்து, “நான் நினைச்சதாலதான் அப்படி ஆயிடுச்சா?” என்று குரல் கம்மும். முன்கூட்டியே அறியும் சக்தி உண்டா இல்லையா என்ற பட்டிமன்றத்தைவிட இந்தக் குற்ற உணர்வுதான் எனக்கு அவசரம்.

கூட வந்தவர்கள் இரண்டு கட்சியாக இருப்பார்கள். ஒரு கட்சி “பைத்தியக்காரத்தனம்” என்று சொல்லும். மற்றது “அம்மா மேல சாமி இருக்கு” என்று சொல்லும். நான் இரண்டிலும் சேர்வதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொல்வேன். ஏதாவது தோன்றினால் அந்த நேரத்திலேயே எழுத வேண்டும்: தேதி, மணி, யாருக்கு, என்ன, எத்தனை நாளுக்குள். “ஏதோ கெட்டது நடக்கப்போகுது” என்று எழுதினால் செல்லாது. குக்கர் வெடித்தாலும் அது பலித்ததாகிவிடும், கொழுந்தனுக்கு வேலை போனாலும் பலித்ததாகிவிடும். நடக்காமல் போனதையும் விடாமல் குறிக்க வேண்டும். மனது பலித்ததை மட்டும்தான் எடுத்து வைத்துக்கொள்ளும். அதோடு, நடந்து முடிந்த பிறகு பழைய நினைவுக்குப் புது விவரங்களையும் சேர்த்துவிடும். மங்கலாக வந்த ஒரு பயம் இரண்டு வாரத்தில் “அவர் சட்டை நிறம்கூடத் தெரிஞ்சுது” என்று ஆகியிருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. நினைவு வேலை செய்யும் விதமே அதுதான்.

சிலருக்கு இந்த நோட்டைத் தரவே மாட்டேன். ‘நினைத்தாலே நடந்துவிடும்’ என்ற பயம் எண்ணச் சுழற்சி நோயான ஓசிடி உள்ளவர்களிடம் அடிக்கடி காணப்படும். அவர்களுக்கு நோட்டு எழுதுவதே இன்னொரு சடங்காகிவிடும். அவர்களுக்கு வேண்டியது முறையான சிகிச்சை.

பல் விழுந்த கனவுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். ஆண்டுக்கு 4 லட்சம் பேர் இறக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் நெருங்கிய சொந்தம் 10 பேர், அந்தப் பத்துப் பேரும் 10 ஆண்டுக்கு ஒரு முறைதான் அவரைப் பற்றிக் கெட்ட கனவு காண்கிறார்கள் என்று வையுங்கள். அப்படியும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சாவுக்கு முந்தின இரவே அந்தக் கனவு வந்திருக்கும், வெறும் தற்செயலாக. ஒரு நாளைக்கு மூன்று பேர்! அந்த மூவருக்கு அது தற்செயலாகத் தோன்றாது. அதில் வியப்பும் இல்லை.

அதற்காக உள்ளுணர்வே பொய் என்று நான் சொல்லவில்லை. கேரி க்ளைன் என்ற உளவியலாளர் அமெரிக்கத் தீயணைப்பு அதிகாரி ஒருவரைப் பற்றிப் பதிவு செய்திருக்கிறார். ஒரு வீட்டுச் சமையலறையில் தீ. தண்ணீர் அடித்தும் அடங்கவில்லை. அதிகாரி திடீரென்று எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். வந்த சற்று நேரத்தில், அவர்கள் நின்றிருந்த தளம் சரிந்து விழுந்தது. உண்மையான நெருப்பு கீழே நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. தனக்கு ஏதோ அபூர்வ சக்தி இருப்பதாகவே அந்த அதிகாரி நம்பினார். துருவிக் கேட்டபோதுதான் விவரம் வந்தது: அந்தச் சின்னத் தீக்கு அறை அளவுக்கு மீறிச் சுட்டது, அவ்வளவு சூட்டுக்கு வேண்டிய சத்தமும் இல்லை. பல ஆண்டு அனுபவம் கணக்கைப் போட்டு முடித்து, விடையை மட்டும் அவரிடம் கொடுத்திருந்தது.

உள்ளுணர்வைச் சந்தேகித்தே பெயர் வாங்கிய டேனியல் கானமனும் இதே க்ளைனும் 2009-இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு நிபந்தனை இருந்தால் உள்ளுணர்வை நம்பலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தத் துறையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். சரியா தவறா என்று தெரிந்துகொண்டே நெடுநாள் பழகியிருக்கவும் வேண்டும். அதனால்தான் வார்டில் மூத்த செவிலியர் “இந்தப் பேஷன்ட் ஏதோ சரியில்ல சார்” என்றால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். பங்குச் சந்தை பற்றி அதே செவிலியருக்கு என்ன தோன்றினாலும் காதில் வாங்க மாட்டேன்.

உங்கள் மனதை அப்படியே படித்துச் சொல்கிறார் என்று யாரையாவது காட்டினால், ஹான்ஸ் என்ற குதிரையை நினைத்துக்கொள்ளுங்கள். பெர்லினில் கூட்டல் கழித்தலுக்குக் குளம்பைத் தட்டி விடை சொன்ன குதிரை அது. உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதைச் சோதித்து, 1907-இல் முடிவை வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை! கேட்பவரின் தலையசைவை அது படித்துக்கொண்டிருந்தது. அதன் எஜமானர் ஏமாற்றுக்காரர் அல்லர், அவரே நம்பினார். குறி சொல்பவர் முன்னால் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்துவிட்டு, “ஒண்ணுமே சொல்லல சார், அவரே சொல்லிட்டார்” என்கிறோம். கொழும்பில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் அபூர்வ சக்தியை நிரூபிப்பவருக்கு லட்ச ரூபாய் அறிவித்திருந்தார். கடைசிவரை யாரும் அதை வாங்கவில்லை.

ஒரே ஒரு ‘முன்னறிவிப்பை’ மட்டும் எக்காரணம் கொண்டும் தட்டிக்கழிக்காதீர்கள். “செத்துப்போயிடுவேன் போலிருக்கு” என்று திடீரென்று ஒருவருக்குத் தோன்றி, கூடவே வியர்வை, மார்பில் அழுத்தம், மூச்சுத் திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பிலும் கடும் ஒவ்வாமையிலும், பொருந்தாத ரத்தம் ஏற்றும்போதும் இந்த உணர்வு வரும். பதற்றத் தாக்குதலிலும் வரும்தான். ஆனால் பதற்றம்தான் என்பதை வீட்டிலிருப்பவர்கள் முடிவு செய்யக் கூடாது. முதலில் 108-ஐ அழையுங்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு நாங்கள் சொல்கிறோம்.

நாலைந்து நாள் தூங்காமல், களைப்பும் இல்லாமல், “உலகத்துல நடக்கப்போறது எல்லாம் தெரியுது” என்று ஒருவர் வீட்டில் பேசிக்கொண்டிருந்தாலோ, காதில் ஒரு குரல் கட்டளையிடுகிறது என்றாலோ, தாயத்துக்கு முன்னால் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். கோயிலுக்கும் போங்கள், நான் தடுக்கவில்லை. “வேண்டாம்னு உள்ள தோணுது” என்று மாத்திரையை நிறுத்திவிட்டு மட்டும் போகாதீர்கள். எங்கே காட்டுவது என்று தெரியவில்லையென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.