பியானோ டெக்னீஷியன்: ‘டியூனர்’ என்ற சொல் போதாமல் போகும் இடம்

பியானோ டெக்னீஷியன் என்று தமிழில் எழுத வேண்டி வந்தால் பலரும் ‘பியானோ டியூனர்’ என்று எழுதிவிடுகிறோம். சிலர் ‘பியானோ பழுதுபார்ப்பவர்’ என்கிறார்கள். இரண்டிலுமே அந்த வேலையின் ஒரு துண்டுதான் இருக்கிறது. டெக்னீஷியன் செய்யும் வேலை மூன்று வகை. தந்திகளைச் சுருதிக்குக் கொண்டுவருவது டியூனிங். விரலின் அழுத்தத்தைச் சுத்தியல் வரை கொண்டுபோகும் பொறியைச் சீராக்குவது ரெகுலேஷன். சுத்தியல் தலையிலுள்ள ஃபெல்ட்டைப் பதப்படுத்தி நாதத்தைத் திருத்துவது வாய்சிங். மூன்றையும் தாங்கும் ஒரு தமிழ்ச்சொல் வேண்டுமானால், மூன்றிலும் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

கருவியின் பெயரிலிருந்தே தொடங்கலாம். இத்தாலி மொழியில் பியானோ என்றால் ‘மெதுவாக’ என்று பொருள். சமதளம், வழவழப்பு என்ற பொருளுடைய லத்தீன் ‘பிளானுஸ்’ அதன் மூலம். ஃபுளோரன்ஸ் நகரில் மெடிச்சி குடும்பத்தின் கருவிகளைக் கவனித்துவந்த பார்த்தொலோமேயோ கிறிஸ்தோஃபோரி 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை உருவாக்கினார். அதற்கு முந்தைய ஹார்ப்சிகார்டில் விரலால் அழுத்தும் கட்டையை (கீ) எவ்வளவு அழுத்தி வாசித்தாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான், ஏனென்றால் அதில் தந்தியைச் சிறு அலகு ஒன்று கொத்தி விடுகிறது. கிறிஸ்தோஃபோரி தந்தியைச் சுத்தியலால் அடிக்கவைத்தார். மெதுவாகவும் (பியானோ) உரக்கவும் (ஃபோர்தே) வாசிக்க முடிகிற கருவி என்பதால் பியானோஃபோர்தே என்ற பெயர் வந்தது. பிற்பாதி உதிர்ந்து பியானோ நின்றது. அந்தப் பெயர் தரும் வாக்குறுதியைக் காப்பாற்றுவது தந்தியின் சுருதி அல்ல, சுத்தியலை நடத்தும் பொறி. டியூனர் என்ற சொல் போதாமல் போவதற்கான காரணம் இங்கேயே தொடங்குகிறது.

‘டியூன்’ என்பது ‘டோன்’ என்பதன் திரிபு. டோன் வந்தது ‘டோனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து. அதற்கு இழுத்து விறைப்பாக்குதல் என்று பொருள். தந்தியை இழுத்துக் கட்டும் கையின் செயல் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நாம் சொல்லும் ‘சுருதி’ வடமொழியில் ‘கேட்டல்’ என்ற வேரிலிருந்து வந்தது, அதாவது காதின் பக்கத்திலிருந்து. பியானோவில் சுருதி சேர்ப்பவருக்கு இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்தாக வேண்டும்.

ஒரு கட்டையை மட்டும் எடுத்துக்கொள்வோம். நடுப்பகுதியிலிருந்து மேலே ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று தந்திகள். கீழே வரவர இரண்டு, அடிமட்டத்தில் ஒன்று. ஆக 88 கட்டைகளுக்கு ஏறக்குறைய 230 தந்திகள், எல்லாம் சேர்ந்து இரும்புச் சட்டத்தின் மேல் ஏற்றும் இழுவிசை 18 முதல் 20 டன் வரை. நடுப்பகுதியிலுள்ள ஏ4 என்ற கட்டையின் மூன்று தந்திகளில் இரண்டை ரப்பர் ஆப்பு செருகி அடக்கிவிட்டு, மூன்றாவதை 440 ஹெர்ட்ஸ் இசைக்கவையோடு ஒப்பிடுகிறார்கள். தந்தி 442-இல் இருந்தால் ஒலி வினாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். இதற்கு நம் இயற்பியல் பாடநூல்கள் தரும் பெயர் ‘விம்மல்’. அருமையான சொல், பியானோத் தந்திகள் உண்மையிலேயே விம்மத்தான் செய்கின்றன. தந்தி சுற்றியிருக்கும் முறுக்காணியைச் சாவியால் திருப்பத் திருப்ப விம்மல் மெதுவாகி, நீண்டு, நின்றுபோகும். பிறகு ஆப்பை எடுத்து இரண்டாவது தந்தியை முதல் தந்தியோடு சேர்ப்பது, பிறகு மூன்றாவதை.

விம்மல் நின்றதும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் பழகுபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. முறுக்காணி ஏறக்குறைய 7 மி.மீ. தடிமனுள்ள எஃகு. ஆணிப்பலகையின் துளைக்குள் உராய்வின் பிடியில் மட்டும் நிற்கிறது. சாவியைத் திருப்பும்போது ஆணியின் மேல்பகுதி முதலில் முறுகும், அடிப்பகுதி பிறகுதான் நகரும். மேல்பகுதி மட்டும் முறுகிய நிலையில் சாவியை எடுத்துவிட்டால் அந்த முறுக்கு மெல்லக் கழன்று சுருதி நழுவும். தந்தியிலும் இப்படியே: ஆணிக்கும் தந்தி முதலில் தாங்கி நிற்கும் இடத்துக்கும் இடையே உள்ள சிறு துண்டில் இழுவிசை கூடுதலாகத் தேங்கியிருக்கும். அதனால் சுருதிக்குச் சற்று மேலே ஏற்றி, கட்டையை ஓங்கி அடித்து இழுவிசையைச் சமமாக்கி, பிறகு சாவியை மயிரிழை பின்னோக்கி அழுத்தி ஆணியை இருத்துகிறார்கள். நல்ல சுருதிக்கும் நிற்கிற சுருதிக்கும் வேறுபாடு இந்தக் கடைசி அழுத்தத்தில் இருக்கிறது. மின்னணுக் கருவியின் முள் சரியான இடத்தைக் காட்டும். ஆணி இருந்துவிட்டதா என்பதைக் கைதான் சொல்லும்.

எல்லா சுரங்களையும் தூய இசைவில் வைக்கவும் முடியாது. தூய ஐந்தாம் இடைவெளிகளைப் (ச–ப தூரம்) பன்னிரண்டு முறை அடுக்கினால் ஏழு ஸ்தாயிகளைத் தாண்டி 23.5 சென்ட் மிஞ்சுகிறது. ஓர் அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். மிஞ்சியதைப் பன்னிரண்டாகப் பகிர்ந்தால் ஒவ்வோர் ஐந்தாம் இடைவெளியும் ஏறக்குறைய 2 சென்ட் குறுகும். இதுதான் டெம்பரமென்ட், ‘அளவறிந்து கலத்தல்’ என்ற பொருளுடைய லத்தீன் சொல்லின் வழி வந்தது. தமிழில் ‘சமச்சுருதி முறை’ எனலாம். காதால் வேலை செய்பவர் இதை விம்மலை எண்ணிச் சரிபார்க்கிறார்: எஃப்3–ஏ3 கட்டைகளின் மூன்றாம் இடைவெளியில் (ச–க தூரம்) வினாடிக்கு ஏறக்குறைய 7 விம்மல், அங்கிருந்து அரைச்சுரம் அரைச்சுரமாக மேலே போகப்போக வேகம் சீராகக் கூடி ஏ3–சி ஷார்ப்4-இல் ஏறக்குறைய 8.7. நடுவில் ஒன்று திடீரென வேகம் குறைந்தால் அங்கே பிழை.

நெடுநாள் விட்டுப்போன பியானோவுக்கு ஒரே சுற்றில் சுருதி சேராது. தந்திகளை ஏற்ற ஏற்ற அவை தந்திகளைத் தாங்கும் குதிரையின் (பிரிட்ஜ்) வழியாக ஒலிப்பலகையைக் கீழே அழுத்தும். முதலில் சேர்த்தவை மீண்டும் இறங்கிவிடும். 20 சென்ட் இறங்கியிருக்கும் கருவியை முதல் சுற்றில் இலக்குக்கும் மேலே 5 அல்லது 6 சென்ட் ஏற்றிவைத்து, அது இறங்கி நின்றபின் இரண்டாம் சுற்றில் நுணுக்கமாகச் சேர்ப்பார்கள். துருப்பிடித்த தந்தி என்றால் ஏற்றுவதற்கு முன் சற்றுத் தளர்த்த வேண்டும். துரு தந்தியை உலோகத்தோடு ஒட்டவைத்திருக்கும். அந்தப் பிடி விடாமல் ஏற்றினால் அறுந்துபோகும். காற்றின் ஈரமும் கவனத்துக்குரியது. ஈரம் கூடினால் ஒலிப்பலகை மரம் பருத்து மேலே வளைந்து தந்திகளை இறுக்கும்; சுருதி ஏறும், அதிலும் நடுப்பகுதியில் அதிகமாக. வறண்டால் இறங்கும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிலையாக இருக்கும் அறையில்தான் சேர்த்த சுருதி தங்கும்.

இதுவரை சொன்னது டியூனர் வேலை. சேர்த்தது ஒரு வாரத்தில் இறங்கிவிடுகிறது, சாவியைத் திருப்பினால் ஆணி எதிர்ப்பே இல்லாமல் சுழல்கிறது என்றால் அங்கே டியூனிங் முடிந்து டெக்னீஷியன் வேலை தொடங்குகிறது. ஆணியைக் கழற்றி ஓர் அளவு தடித்த ஆணியை அடிக்க வேண்டும். ஆணிப்பலகை விரிந்திருந்தால் அதையே மாற்ற வேண்டும்.

ரெகுலேஷன் என்பதை ‘பொறி சீரமைப்பு’ என்று சொல்லலாம். கிராண்ட் பியானோவில் கட்டை கீழே இறங்கும் ஆழம் ஏறக்குறைய 10 மி.மீ. ஓய்வில் சுத்தியலுக்கும் தந்திக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய 45 மி.மீ. கட்டை ஒரு பங்கு நகர்ந்தால் சுத்தியல் ஏறக்குறைய ஐந்து பங்கு நகரும். ஆகவே கட்டையின் அடியில் 0.1 மி.மீ. தாள் வளையம் ஒன்றைச் சேர்த்தாலும் எடுத்தாலும் சுத்தியல் பக்கம் அரை மில்லிமீட்டர் வேறுபாடு வருகிறது. இவ்வளவு மெல்லிய தாள்களை வைத்துத்தான் 88 கட்டைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

இந்தப் பொறியின் உயிர் ‘விடுபடல்’, ஆங்கிலத்தில் லெட்-ஆஃப். சுத்தியல் தந்தியைத் தொடும்வரை கட்டை அதைத் தள்ளிக்கொண்டே போகக் கூடாது. போனால் சுத்தியல் தந்தியின் மேலேயே அழுந்தி நின்று ஒலியை அடக்கிவிடும். அதனால் தந்திக்கு 1.5 முதல் 2 மி.மீ. தூரம் இருக்கும்போது ஜாக் என்ற உந்துகட்டை சுத்தியலை விட்டு விலகுகிறது. மீதித் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்தில் கடந்து, அடித்து, திரும்புகிறது. எங்கே விலக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஒரு சிறு குமிழ். குமிழை மிக மேலே வைத்தால் ‘டொக்’ என்ற அடைபட்ட ஒலியோ இரட்டை அடியோ கேட்கும். மிகக் கீழே இறக்கிவைத்து, 4 அல்லது 5 மி.மீ. தொலைவிலேயே விடுபட்டால் உரக்க வாசிக்கும்போது ஒன்றும் தெரியாது. மெதுவாக வாசிக்கும்போது சுத்தியல் தந்தியை எட்டாமல் சுரமே விழாது. மெதுவாக வாசிக்கத்தானே அந்தப் பெயர்! சுருதி மிகச் சரியாக இருந்தும் பியானோ தன் பெயருக்குப் பொய்யாகிப்போகும் இடம் இது. தந்தியை எத்தனை முறை இழுத்துக் கட்டினாலும் இது சரியாகாது.

கட்டை முழுவதும் மேலே வருவதற்கு முன்பே அதே சுரத்தை மீண்டும் அடிக்க முடிவது செபாஸ்டியன் எரார் உருவாக்கி, 1821-இல் காப்புரிமை பெறப்பட்ட இரட்டை விடுபடு அமைப்பால். நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோவில் அது கிடையாது, ஆகவே அங்கே வேகமான மறு அடிக்கு ஓர் எல்லை உண்டு. அது பழுதல்ல, அமைப்பே அப்படி.

மூன்றாவது வேலைக்கு மொழிகள் வைத்திருக்கும் பெயர்கள் மொழிபெயர்ப்பவரைக் கவிழ்த்துவிடும். ஆங்கிலத்தில் ‘வாய்ஸ்’, குரல். வாய்சிங் என்றால் நாதத்தின் தன்மையைத் திருத்துவது. ஜெர்மனில் குரலுக்கு ‘ஷ்டிம்ம’. ஆனால் அதன் உறவான ‘ஷ்டிம்மன்’ சுருதி சேர்ப்பதைக் குறிக்கும். வாய்சிங்குக்கு ஜெர்மானியர் சொல்வது ‘இன்டொனேஷன்’. அதே சொல் ஆங்கிலத்தில் சுருதித் துல்லியத்தைக் குறிக்கும். சொல்லுக்குச் சொல் மாற்றுபவர் இரண்டு வேலைகளையும் இடம்மாற்றிவிடுவார். வேலை என்னவோ எளிமையாகத் தெரியும், ஆனால் தவறினால் எளிதில் மீட்க முடியாதது. பலகாலம் அடித்து இறுகிய ஃபெல்ட் கூர்மையான, கண்ணாடி உடைவது போன்ற ஒலி தரும். முதலில் தந்தி பதிந்த பள்ளங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தியலின் முட்டை வடிவை மீட்பார்கள். பிறகு ஊசிகள் பொருத்திய கைப்பிடியால் சுத்தியலின் தோள்களில், கடிகார முகப்பில் 10 மணியும் 2 மணியும் இருக்கும் இடங்களில், ஆழக் குத்தித் தளர்த்துவார்கள். தந்தியைத் தொடும் உச்சியில் ஆழக் குத்தினால் அந்தச் சுரம் மங்கிப்போகும். வெளியே எடுத்த உறுதியை ஃபெல்ட்டுக்குள் பழையபடி திரும்ப வைப்பது கடினம். சுருதி சேர்த்து, பொறியைச் சீராக்கிய பிறகே இதில் கைவைப்பது முறை. ‘நாதம் பதப்படுத்தல்’ என்ற பெயர் இதற்குப் பொருந்தும். பதம் என்ற சொல்லில் கெட்டிக்கும் இளக்கத்துக்கும் நடுவே உள்ள சரியான நிலை இருக்கிறது; அதைத் தாண்டினால் திரும்புவது கடினம் என்பதும் அதிலேயே இருக்கிறது.

தொழில் சங்கங்களின் பெயர்களிலும் இந்த இழுபறி தெரிகிறது. பிரிட்டனில் 1913-இல் தொடங்கிய சங்கம் தன் பெயரில் ‘டியூனர்ஸ்’ என்பதையே வைத்திருக்கிறது. அமெரிக்காவில் பியானோ டியூனர்களின் சங்கம் ஒன்றும் பியானோ டெக்னீஷியன்களின் சங்கம் ஒன்றும் 1957-இல் இணைந்தபோது புதிய பெயரில் நின்றது டெக்னீஷியன்தான்: பியானோ டெக்னீஷியன்ஸ் கில்டு. அங்கே பதிவுபெற்ற டெக்னீஷியன் ஆவதற்கு எழுத்துத் தேர்வு, பொறிவேலைத் தேர்வு, சுருதித் தேர்வு என்று மூன்றிலும் தேற வேண்டும். சுருதி நன்றாகச் சேர்க்கத் தெரிந்தால் மட்டும் அந்தப் பட்டம் கிடையாது. ஜெர்மனியில் சுருதி சேர்ப்பவருக்கு ஒரு பெயர், பயிற்சி முடித்துக் கருவியையே கட்டத் தெரிந்தவருக்கு ‘கிளாவியர்பாவர்’, பியானோ கட்டுநர், என்று வேறொரு பெயர்.

தமிழுக்கு வருவோம். சுருதி சேர்ப்பதற்கு நம்மிடம் பழஞ்சொல் உண்டு: பண்ணல். சிலப்பதிகாரத்தின் கானல்வரி, யாழை எடுத்து இசை எழுப்பும் எட்டுச் செயல்களில் முதலாவதாகப் ‘பண்ணல்’ என்பதையே வைக்கிறது. பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை அமைத்துக்கொள்வது அது. மீட்டெடுக்க ஆசைதான், ஆனால் இன்று ‘பண்ணு’ என்றால் ‘செய்’ என்றே படிப்பவர் மனத்தில் விழும். ‘சுருதி சேர்த்தல்’ எல்லோர் வாயிலும் இருக்கிறது, அதையே கொள்ளலாம். ஆளைக் குறிக்கச் ‘சுருதி சேர்ப்பவர்’. டியூனர் என்று எழுதினால் ஆளையா, சுருதி காட்டும் மின்னணுக் கருவியையா என்ற குழப்பமும் உண்டு. கீயைக் ‘கட்டை’ என்போம். ‘ஐந்து கட்டை’ என்று பாடகர்கள் சொல்வது ஆர்மோனியக் கட்டைகளை வைத்துத்தான். பிரிட்ஜுக்கு வீணைக்காரர்களின் ‘குதிரை’ அப்படியே பொருந்துகிறது.

டெக்னீஷியனுக்கு மூலமான கிரேக்க ‘டெக்னே’ கைத்திறன், கலை இரண்டையும் குறித்தது. ‘தொழில்நுட்ப வல்லுநர்’ என்றால் கணினி, மின்சாரம் என்று நினைவு போய்விடுகிறது, கைத்திறன் விடுபட்டுப்போகிறது. ‘பழுதுபார்ப்பவர்’ என்றால் கெட்டபின் வருகிறவர் என்றாகிறது. இவரோ கெடாத பியானோவிலும் ஆண்டுதோறும் வேலை செய்கிறவர். ‘கம்மியர்’ பழையது, அழகானது, ஆனால் படித்தவுடன் பொற்கொல்லரும் இரும்புக்கொல்லருமே கண்முன் வருகிறார்கள். எஞ்சுவது ‘வினைஞர்’. கைவினைஞர் என்ற சொல்லால் எல்லோருக்கும் பழகியது, கையின் திறனை விட்டுவிடாதது, சுருதி, பொறி, நாதம் மூன்றுக்கும் இடம் தருவது. ‘பியானோ வினைஞர்’ என்பதே இந்தத் தொழிலுக்குப் பொருத்தமான பெயர். அவர்களின் கில்டு ‘பியானோ வினைஞர் சங்கம்’.

இந்தச் சொற்கள் வேலைக்கு ஆளைக் கூப்பிடும்போதே உதவும். ஒரே கட்டையை அடித்தால் ஒலி அலையலையாக விம்முகிறதா, சுருதி சேர்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். கட்டை அழுத்தியபடி சிக்கிக்கொள்கிறது, மெதுவாக வாசித்தால் சுரம் விழவில்லை, ஒரே சுரம் இரண்டு முறை அடிக்கிறது என்றால் பொறி சீரமைப்பு. சுருதி சரியாக இருந்தும் ஒலி காதைக் குத்துகிறது, அல்லது பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் ஒன்று பிரகாசமாகவும் ஒன்று மந்தமாகவும் கேட்கிறது என்றால் நாதம் பதப்படுத்தல். அதற்கு வருபவர் ஊசியை எடுக்குமுன் சுருதியையும் பொறியையும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.