பாம்பர் கமாண்ட் கிளாஸ்ப்: கேட்காமல் வராது, சரியாகக் கேட்டால்தான் வரும்

வீட்டுப் பெட்டியில் பதக்கம் எதுவும் இல்லை என்பதற்காக, அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ உரிமையே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, உயிரோடு திரும்பிய பிரிட்டிஷ் வீரர்களுக்குப் போர்க்களப் பதக்கங்கள் தானாக வீடு தேடி வரவில்லை. அவர்கள் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. பலர் கேட்கவே இல்லை. போரை மறக்க நினைத்தவருக்குப் படிவம் நிரப்பவா மனம் வரும்?

நான் குடியிருக்கும் தெருவில் எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய அப்பா லங்காஸ்டர் விமானத்தின் வால்பக்கத் துப்பாக்கியில் உட்கார்ந்து பறந்தவர். "அரசாங்கம் அவரை மறந்துவிட்டது" என்றே அந்த அம்மா வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தார். யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பதுதான் காரணம் என்று தெரிந்த அன்று அவர் அழுதார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக. பிரிட்டிஷ் வான்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். மாண்டவர்கள் 55,573 பேர். இவர்களுக்கென்று தனிப் பதக்கம் கிடையாது. 2013-ல்தான் 'பாம்பர் கமாண்ட் கிளாஸ்ப்' வந்தது. 1939-45 ஸ்டார் என்ற பதக்கத்தின் துணிப்பட்டையில் தைக்கும் ஒரு சிறிய உலோகத் தகடு அது. அவ்வளவுதான். அதற்கே அறுபத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

இனி, எங்கே சிக்குவீர்கள் என்று பார்ப்போம்.

முதல் சிக்கல் 60 நாள் கணக்கு. "நாலு வருஷம் ஏர்ஃபோர்ஸில் இருந்தார்" என்று எழுதுவதால் பயனில்லை. பாம்பர் கமாண்டில் போருக்குப் பறக்கும் ஸ்குவாட்ரனில், அதாவது விமானப் படைப்பிரிவில், குறைந்தது 60 நாள் இருந்திருக்க வேண்டும், அல்லது ஒரு முழுச் சுற்றை (ஒருவருக்கென வகுத்த தாக்குதல் பறப்புகள் முழுவதையும்) முடித்திருக்க வேண்டும். அதோடு 3.9.1939 முதல் 8.5.1945 வரையிலான காலத்தில் ஒருமுறையாவது தாக்குதலுக்குப் பறந்திருக்க வேண்டும். பயிற்சியில் கழிந்த மாதங்கள் இதில் சேராது. ஆனால் இதைக் கட்டாயம் கவனியுங்கள்: இறந்ததாலோ காயத்தாலோ போர்க்கைதியாகப் பிடிபட்டதாலோ பணி பாதியில் நின்றிருந்தால் 60 நாள் நிபந்தனை தளர்த்தப்படும். மூன்றாவது பறப்பிலேயே சுட்டு வீழ்த்தப்பட்டவரின் குடும்பம் "நாள் போதாது" என்று தானே ஒதுங்கிக்கொள்வதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. ஒதுங்காதீர்கள்.

இரண்டாவது, வரிசை. 1939-45 ஸ்டாருக்குத் தகுதி இருந்தால்தான் கிளாஸ்ப் பற்றிய பேச்சே வரும். அந்த ஸ்டாரே வாங்கப்படாமல் இருந்தால், கிளாஸ்ப் மட்டும் கேட்டு எழுதாதீர்கள். அவருக்குச் சேர வேண்டிய எல்லாப் பதக்கங்களையும் ஒரே விண்ணப்பத்தில் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் தனித்தனியாகக் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, தரைப் பணியாளர்கள். பனியில் நின்று என்ஜினைச் சரிசெய்தவர்கள், குண்டுகளை ஏற்றியவர்கள் யாருக்கும் பிரிட்டனின் கிளாஸ்ப் கிடையாது. பறந்தவர்களுக்கு மட்டும்தான். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது, ஆனால் விதி இதுதான். கனடா இதை வேறு மாதிரி செய்தது. 2013-ல் அது கொண்டுவந்த பாம்பர் கமாண்ட் பட்டை, ஒரு நாள் பணி செய்திருந்தாலும், தரைப் பணியாளராக இருந்தாலும், கனடிய வீரர்களுக்கு உண்டு.

அப்புறம், தவறான கதவைத் தட்டுவது. இதில்தான் அதிகம் பேர் மாதக்கணக்கில் இழக்கிறார்கள். பிரிட்டிஷ் ஸ்குவாட்ரனில், பிரிட்டிஷ் விமானத்தில் பறந்திருந்தாலும், ஒருவர் ஆஸ்திரேலிய வான்படையிலோ கனடிய வான்படையிலோ சேர்ந்தவராக இருந்தால் அவருடைய பணிப்பதிவு அந்த நாட்டில்தான் இருக்கும். க்ளோஸ்டரில் உள்ள பாதுகாப்பு அமைச்சகப் பதக்க அலுவலகத்துக்கு எழுதுவது பிரிட்டிஷ் வான்படையில் சேர்ந்தவர்களுக்காக மட்டும். எந்த வான்படை என்பதைப் பணி எண்ணோடு சேர்த்து முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

யார் விண்ணப்பிக்கலாம்? வீரர் இறந்திருந்தால் சட்டப்படி அடுத்த வாரிசு. ஆர்வத்தில் பேரன் படிவத்தை அனுப்புவார், மகள் உயிரோடு இருப்பார், படிவம் திரும்பி வரும். மகள் பெயரிலேயே போடுங்கள். இறப்புச் சான்றிதழின் நகலை இணையுங்கள். அவர் தன் பறப்புகளை எழுதி வைத்த குறிப்பேடான லாக் புக்கின் அசலை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள். குடும்பம் கேட்டு வாங்காமல் அமைச்சகத்திலேயே தங்கிய லாக் புக்குகள் 1960 வாக்கில், மாதிரிக்குச் சிலவற்றை வைத்துக்கொண்டு, அழிக்கப்பட்டன. உங்கள் கையில் ஒன்று இருந்தால் அதற்கு மாற்று கிடையாது.

லாக் புக் இல்லையா? சரி, வழி இருக்கிறது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற தொகுப்பு இருக்கிறது. அதில் ஒவ்வொரு ஸ்குவாட்ரனின் அன்றாடப் பதிவும் கிடைக்கும். எந்த இரவில் எந்த விமானத்தில் யார் யார் பறந்தார்கள் என்று பெயர் போட்டு இருக்கும். ஸ்குவாட்ரன் எண்ணும் தோராயமான மாதமும் தெரிந்தால் போதும்.

"ஏர்க்ரூ யூரோப் ஸ்டாரைத் தராமல் ஏமாற்றிவிட்டார்கள்" என்ற புகாரும் அடிக்கடி காதில் விழுகிறது. அது இன்னொரு போர்ப் பதக்கம், 5.6.1944 வரை பறந்தவர்களுக்கானது. அதற்குப் பிறகு ஸ்குவாட்ரனில் சேர்ந்தவருக்கு உரியது பிரான்ஸ் அண்ட் ஜெர்மனி ஸ்டார். இரண்டுக்கும் தகுதி பெற்றவருக்குக்கூட ஒரு ஸ்டார்தான், மற்றதற்கு ஒரு கிளாஸ்ப். கோபத்தோடு கடிதம் எழுதும் முன் தேதியைப் பாருங்கள்.

வீர விருதுகள் வேறு விஷயம். டிஎஃப்சி (டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ்) அதிகாரிகளுக்கும் வாரண்ட் அதிகாரிகளுக்கும், டிஎஃப்எம் (டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் மெடல்) அவர்களுக்குக் கீழிருந்தவர்களுக்கும். ஒரே விமானத்தில் ஒரே இரவில் பறந்தவர்களுக்குள் இப்படிப் பிரித்தார்கள். பிரிட்டனின் அரசிதழான லண்டன் கெஜட்டில் விருது பெற்றவர் பெயர் இருக்கும், ஆனால் பல பெயர்களுக்குக் கீழே காரணம் இருக்காது. அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பரிந்துரைத் தாள்கள் பல, ஏர் 2 என்ற தொகுப்பில் உள்ளன. அதில் எத்தனை பறப்பு, என்ன நடந்தது என்று எழுதியிருப்பார்கள். ஆனால் அன்று கிடைக்காத வீர விருதை இன்று கேட்டு வாங்க முடியாது. சம்பவம் நடந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேலானால் பிரிட்டன் பரிசீலிப்பதில்லை. வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, தொலைந்த பதக்கம். ஏற்கனவே வழங்கப்பட்டது திருட்டுப் போயிருந்தாலோ தீ, வெள்ளத்தில் அழிந்திருந்தாலோதான் மாற்று தருவார்கள், அதுவும் போலீஸ் அறிக்கையோ காப்பீட்டுக் கோரிக்கையோ காட்டினால். பிரிட்டன் வழங்கிய அந்தப் போரின் ஸ்டார்களில் வீரரின் பெயர் பொறிக்கப்படவில்லை. எனவே "இது உங்கள் தாத்தாவுடையதேதான்" என்று ஒரு வியாபாரி வெறும் ஸ்டாரைக் காட்டி விலை சொன்னால், அதைச் சரிபார்க்க உங்களுக்கு வழியே இல்லை. முதலில் க்ளோஸ்டருக்கு எழுதி, அவருக்குப் பதக்கம் வழங்கப்பட்டதா இல்லையா என்று கேளுங்கள். வழங்கப்படவில்லை என்றால் விண்ணப்பித்தாலே போதும், விலை கொடுக்க வேண்டியதில்லை.