முழங்காலை இறுக்கினால் குதிரையில் உட்கார முடியாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். எட்டு மாதமாக வாரம் தவறாமல் குதிரையேற்றம் பழகியவர் ஒருவர், அடுத்ததாகத் தடை தாண்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்தார். சரி, முதலில் ஒரு சுற்று ட்ராட்டில், அதாவது துள்ளு நடையில், பார்ப்போம் என்றேன். குதிரை வேகம் எடுத்த நாலாவது அடியிலேயே இரண்டு முழங்காலும் சேணத்தைக் கவ்விக்கொண்டன, குதிகால் மேலே ஏறியது, உடம்பு முன்னால் சாய்ந்தது, கையில் இருந்த ஒரே பிடிமானமான கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கினார். குதிரை தலையை மேலே தூக்கிக்கொண்டு இடப்பக்கம் திரும்பியது. இவர் வலப்பக்கமாக மணலில் விழுந்தார். மணிக்கட்டுச் சுளுக்கோடு தப்பித்தார். குதிரையின் வாயைப் பார்த்தேன், உதட்டு ஓரம் இரண்டு பக்கமும் சிவந்து தோல் உரிந்திருந்தது.

"முழங்காலை இறுக்கு, கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றுதான் எட்டு மாதமும் சொல்லிக்கொடுத்தார்களாம். விழுந்துவிட்டு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ஈரச் சோப்பைக் கைக்குள் வைத்து இறுக்கிப் பாருங்கள், நழுவி மேலே தெறிக்கும். குதிரையின் முதுகும் உருண்டையானது, இரண்டு பக்கமும் சரிவு. அதை முழங்காலால் நெரித்தால் உங்கள் இடுப்பு சேணத்தை விட்டு மேலேதான் போகும். தொடை இறுகினால் இடுப்பு மூட்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். குதிரையின் ஒவ்வொரு அசைவையும் வாங்கிக்கொண்டு விட வேண்டியது அந்த மூட்டுதான். அது பூட்டிக்கொண்டால் அடி முழுவதும் முதுகெலும்புக்குப் போகும், நீங்கள் பந்து மாதிரி துள்ளுவீர்கள். முழங்கால் ஒரு கீல் மாதிரி ஆகிவிடும், அதற்கு மேலே இருப்பது முன்னால் கவிழும், கீழே இருப்பது பின்னால் போகும். பின்னால் போன குதிகால் குதிரையின் விலாவில் குத்தும். அது குதிரைக்கு "வேகமாகப் போ" என்ற கட்டளை. குதிரை வேகமெடுக்கும், நீங்கள் பயந்து இன்னும் இறுக்குவீர்கள், அது இன்னும் வேகமெடுக்கும். அப்புறம் "குதிரை முரட்டுக் குதிரை" என்று பழி போடுவார்கள்.

காலின் பலம்தான் எல்லாம் என்று வாதாடுகிறவர்களிடம் நான் லிஸ் ஹார்ட்டெலைப் பற்றிச் சொல்வேன். டென்மார்க்காரர். 1944இல் போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே செயலிழந்துவிட்டது. குதிரையில் ஏறவும் இறங்கவும் ஆள் உதவி வேண்டும். அவர்தான் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், பெண்கள் ஆண்களோடு சேர்ந்து டிரெஸ்ஸாஜில் (குதிரையை நுணுக்கமான நடைகளில் நடத்திக் காட்டும் போட்டி) போட்டியிட அனுமதிக்கப்பட்ட அந்த முதல் முறையே, வெள்ளி வாங்கினார். 1956இல் மறுபடியும் வெள்ளி. கால் பிடியை நம்பியிருந்தால் அவரால் ஒரு சுற்றுகூட வந்திருக்க முடியாது.

சமநிலை இருப்பது உட்காரும் எலும்புகளில். மெத்தை இல்லாத கெட்டியான நாற்காலியில் கைகளை அடியில் வைத்து உட்கார்ந்தால் இரண்டு முண்டு தட்டுப்படும், அவைதான். எடை இரண்டிலும் சமமாக இறங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். குதிரையை உங்களுக்கு அடியிலிருந்து சட்டென்று உருவிவிட்டால் நீங்கள் காலூன்றி நிற்பீர்களா, பின்பக்கமாக விழுவீர்களா? நிற்பீர்கள் என்றால் நிலை சரி. நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காராதே, காலை அகட்டி நிமிர்ந்து நிற்பதுபோல் இரு என்று கிரேக்கரான செனபோன் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார். அவர் காலத்தில் காலை நுழைக்க அங்கவடியே கிடையாது.

இதைக் கற்க ஒரே நேர்வழி லஞ்சிங். பயிற்சியாளர் நடுவில் நின்று நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்டுவார். குதிரை அவர் பொறுப்பு, உங்கள் உடம்பு மட்டும் உங்கள் பொறுப்பு. கையில் வார் இல்லை, கொஞ்ச நாளில் அங்கவடியும் இல்லை. வியன்னாவின் புகழ்பெற்ற குதிரையேற்றப் பள்ளியான ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலில் சேர்கிறவர்களுக்கே முதலில் மாதக்கணக்கில் இதுதான் பயிற்சி. வாரம் ஒரு முறை ஏறும் நமக்கு மட்டும் அது எதற்குக் கௌரவக் குறைச்சல்? 20 முதல் 30 நிமிடம் போதும், அதற்கு மேல் தொடை களைத்து மறுபடி இறுக ஆரம்பிக்கும்.

விழுந்தவரையும் அப்படித்தான் ஏற்றினேன். மெல்லிய நடை, கண் மூடி, கை இடுப்பில். எந்தப் பக்கம் கனமாக இருக்கிறது என்று கேட்டேன். "சமமாத்தான் இருக்கு" என்றார். பின்னாலிருந்து பார்த்தால் சேணமே வலப்பக்கம் இரண்டு விரல் சரிந்திருந்தது. (எப்போதும் இடப்பக்கமே ஏறுவதால் இடது அங்கவடித் தோல் நீண்டுவிடும். அவ்வப்போது இரண்டையும் மாற்றிப் போடுங்கள், பாதிக் கோணல் அதிலேயே போய்விடும்.)

பயிற்சி இடம் தேடுகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை முழுசாக ஓரமாக நின்று பாருங்கள். லஞ்சிங் சொல்லித்தருவீர்களா என்று கேளுங்கள். "அதெல்லாம் குழந்தைகளுக்கு" என்று பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள். "முதுகை நிமிர்த்து, குதிகாலை இறக்கு" என்று தூரத்திலிருந்து கத்துகிறாரா, அருகில் வந்து காலைப் பிடித்து இடுப்பிலிருந்து திருப்பி வைக்கிறாரா என்று கவனியுங்கள். உங்கள் பழைய முதுகுவலி, முட்டிவலி பற்றி அவரே முதலில் கேட்க வேண்டும். குதிரையையும் பாருங்கள். சேணத்தைக் கண்டதும் காதை மடக்கிக் கடிக்க வருகிறதா, முதுகில் சேணம் படும் இடத்தில் வெள்ளை முடித் திட்டு இருக்கிறதா, வாயோரம் புண்ணா? முதுகு வலிக்கும் குதிரை மேல் யாருக்கும் சமநிலை வராது. முதல் நாளே நாலுகால் பாய்ச்சலில் விட்டு வீடியோ எடுத்துத் தருகிற இடம் வேண்டவே வேண்டாம்.

தலைக்கவசம் இல்லாமல் ஏறாதீர்கள், நடைதானே என்ற சாக்கு வேண்டாம். ஒருமுறை தலை அடிபட விழுந்தால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் அந்தக் கவசத்தைத் தூக்கிப் போடுங்கள். குதிகால் வைத்த காலணி, இல்லையென்றால் கால் அங்கவடிக்குள் முழுசாக நுழைந்து மாட்டிக்கொள்ளும். வாரைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், சுற்றிக்கொண்டு இழுபட்டுப் போனவரை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் தடுமாறுகிறவர்கள் குதிரையின் கழுத்தில் ஒரு வார் கட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு பழைய அங்கவடித் தோலே போதும். கடிவாளத்தின் இரும்பு குதிரையின் வாயில் பல் இல்லாத ஈறின் மேல் உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் தொங்கும் எடை மொத்தமும் அங்கேதான் இறங்குகிறது. தடுமாறினால் தயவுசெய்து கழுத்து வாரைப் பிடியுங்கள், கடிவாளத்தை விட்டுவிடுங்கள்.