பானை முழுக்க ஒரே பதமா?

"வீட்டில் இரண்டு சம்பளம், சொந்த வீடு, கார். ஆனாலும் நாங்கள் நடுத்தரக் குடும்பம்தானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அண்ணனும் தன்னை நடுத்தரம் என்றுதான் சொல்வார். இருவருமே மனதறிந்து பொய் சொல்லவில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அசலான புள்ளியியல். ஆனால் பானை முழுக்கச் சூடு ஒரே மாதிரி பரவியிருந்தால்தான் அது பலிக்கும். அடிப்பிடித்த பானையில் மேல் சோற்றை நசுக்கிப் பார்த்து என்ன பயன்? சமூகத்தின் பதத்தையும் நாம் பக்கத்துச் சோற்றை வைத்தே பார்க்கிறோம்.

ஓர் ஊரில் 100 குடும்பங்கள். வருமான வரிசைப்படி பத்துப் பத்தாக 10 தெருக்களில் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழிருந்து இரண்டாம் தெருவின் பெரிய வருமானக்காரரை விட ஊரில் 80 குடும்பங்கள் வசதியானவை. தெருவிலோ அவர்தான் முதல் ஆள். ஒன்பதாம் தெருவின் கடைசிக் குடும்பத்துக்குக் கீழே 80 குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் வாசலில் நின்று பார்த்தால் ஒன்பது வீடும் தன்னைவிட உயரம். முன்னவர் தன்னை மேலே ஏற்றிக்கொள்கிறார், பின்னவர் கீழே இறக்கிக்கொள்கிறார். இருவரும் நடுவில் வந்து சந்திக்கிறார்கள்! இந்தக் கணக்கு எனக்கு எப்போது பார்த்தாலும் வியப்புதான். தெரு மட்டுமா, பள்ளிக்கூடம், அலுவலகம், சம்பந்தம் பேசும் இடம் எல்லாமே நமக்கு இப்படிச் சலித்தெடுத்த ஒரு பகுதியைத்தான் காட்டுகின்றன.

அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் வட்டாரத்தில் சுமார் 1,100 குடும்பங்களிடம் இதைச் சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். நாட்டில் எத்தனை குடும்பங்கள் உங்களைவிடக் குறைவாகச் சம்பாதிக்கின்றன என்று கேட்டார்கள். அப்புறம் ஒரு பகுதியினருக்கு மட்டும் உண்மையான இடத்தைச் சொன்னார்கள். தன்னை உயரத்தில் நினைத்திருந்தவர்கள், உண்மை தெரிந்ததும், ஏழைகளுக்கு அரசு கூடுதலாக உதவ வேண்டும் என்ற பக்கம் சாய்ந்தார்கள்.

சுவீடனில் கதை தலைகீழ். அங்கே பெரும்பாலோர் தங்களை உள்ளதைவிடக் கீழே நினைத்திருந்தார்கள். உண்மை தெரிந்ததும், உழைப்பே உயர்வு தரும் என்று நம்பிய வலதுசாரிகளிடம், இருப்பவரிடம் வரி வாங்கி இல்லாதவருக்குக் கொடுக்கும் பகிர்வுக்கான ஆதரவு இன்னும் குறைந்தது. மற்றவர்களிடம் பெரிய மாற்றமில்லை. ஆக, எண் ஒரு பாதி, 'இது நியாயமாக வந்த பணம்' என்ற நம்பிக்கை மறுபாதி. ஏழ்மையைத் தலையெழுத்து என்று ஒதுக்கும் நம் பழக்கத்தையும் நான் இந்த மறுபாதியில்தான் வைப்பேன்.

கேள்வி கேட்ட வாசகருக்கு அவருடைய இடத்தைத் துல்லியமாகச் சொல்ல ஆசைதான். ஆனால் நம் அரசு காலங்காலமாகக் கணக்கெடுத்து வந்தது குடும்பங்களின் செலவை, வருமானத்தை அல்ல. அதிலும் 2011-12க்குப் பிறகு வெளிவந்த அடுத்த முடிவு 2022-23க்கானது. இடையில் 2017-18இல் எடுத்ததை வெளியிடவே இல்லை. கணக்கெடுப்புக்குப் பணம் ஒதுக்குவதை வீண்செலவு என்பவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.