செவுளை மாற்றிக் கட்டும் மீன்

வண்ணமீன் கடைகளில் பச்சைப் புள்ளி பேத்தை மீன் பெரும்பாலும் நன்னீர்த் தொட்டியில்தான் நீந்திக்கொண்டிருக்கும். மஞ்சளோடிய பச்சை முதுகு, அதில் கரும்புள்ளிகள், ஆளுக்கொரு பக்கம் சுழலும் இரண்டு கண்கள். பார்த்தவர் வாங்காமல் திரும்புவது கடினம். ஆனால் இது இலங்கை முதல் இந்தோனேசியா வரையிலான கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் வாழும் மீன். குஞ்சுப் பருவத்தில் நன்னீரைத் தாங்கும். வளர வளர அதற்கு உப்பு வேண்டும். சுமார் 15 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய இதைக் கடல்நீர்த் தொட்டிக்கே பழக்கிவிடலாம். அதற்கு மாதக்கணக்கில் பொறுமை தேவை. அவ்வளவு நாள் எதற்கு என்பதைச் செவுளுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. எலும்பு மீன்களின் இரத்தத்தில் உள்ள உப்புச் செறிவு அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆற்று மீனுக்கும் கடல் மீனுக்கும் இதில் பெரிய வேறுபாடு கிடையாது. ஆகவே நன்னீரில் இருக்கும் மீனுக்குள் சவ்வூடு பரவலால், அதாவது உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு மெல்லிய சவ்வு வழியே நீர் பரவுவதால், தண்ணீர் ஓயாமல் புகுந்துகொண்டே இருக்கும். அது தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு. நீர்த்த சிறுநீரை ஏராளமாகக் கழித்து, இழந்த உப்பைச் செவுளால் இழுத்துக்கொள்ளும். கடலிலோ உடலின் நீர் வெளியே கசிகிறது. மீன் கடல்நீரைக் குடித்தே தீர வேண்டும். கூடவே வரும் உப்பை வெளியே தள்ளவும் வேண்டும். கடல் மீன்கள் இப்படிக் குடிப்பதை 1930இல் உடலியல் ஆய்வாளர் ஹோமர் ஸ்மித் விளக்கினார். விலாங்கின் செவுளில் உப்பை வெளியேற்றும் தனிச் செல்கள் இருப்பதை 1932இல் கீஸ், வில்மர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

குளோரைடு செல் என்று பெயர் பெற்ற அந்தச் செல்லைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அதற்குள் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். உப்பைத் தள்ளுவது அத்தனை ஆற்றலைத் தின்னும் வேலை. செல்லின் இரத்தப் பக்கச் சுவரில் இருக்கும் பம்ப் சோடியத்தை இடைவிடாமல் செல்லுக்கு வெளியே தள்ளுகிறது. அப்படி வெளியே குவிந்த சோடியம் மீண்டும் உள்ளே நுழையும்போது குளோரைடையும் கூட்டி வருகிறது. அந்தக் குளோரைடு, நீரை நோக்கிய பக்கத்தில் உள்ள குழியின் வழியே வெளியேறுகிறது. சோடியம் பக்கத்துச் செல்லுடனான இடுக்கில் நழுவிப் போய்விடும். குளோரைடுக்கு வழிவிடும் புரதம் நமக்கும் உண்டு. மனிதரில் அது பழுதானால் வருவதுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்.

நன்னீரில் வளர்ந்த மீனின் செவுளில் இருப்பவை உப்பை உள்ளே இழுக்கும் செல்கள். சுற்றியுள்ள நீரில் உப்பு ஏறும்போது கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உயர்கிறது. சில செல்கள் உருமாறுகின்றன, சில மடிந்து புதியவை முளைக்கின்றன. இது நாள்கணக்கில் நடக்கும் கட்டுமான வேலை. கடையிலிருந்து மீன் வந்த பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டால் வெப்பநிலை சமமாகும், செவுள் மாறாது.

தொட்டி நீரின் உப்பை ஒப்படர்த்தியால் அளப்பார்கள்; தூய நீரைவிட அது எத்தனை மடங்கு அடர்த்தி என்பதே அந்த எண். வளர்ப்பவருக்கு முக்கியமான இடம் ஒப்படர்த்தி 1.008. மீனின் இரத்தமும் தொட்டி நீரும் உப்பில் ஏறக்குறைய சமமாகும் கட்டம் அது. அதுவரை உப்பு ஏற ஏற மீனின் சுமை குறைகிறது. அதைத் தாண்டினால் வேலை தலைகீழாகத் திரும்புகிறது. அங்கே இரண்டு வாரம் நிறுத்தி வைத்துவிட்டு மேலே போவதே நல்லது என்பேன். பொதுவாக வாரத்துக்கு 0.002 வீதம் ஏற்றினால் போதும். 100 லிட்டர் தொட்டிக்கு அது ஏறத்தாழ 300 கிராம் கடல் உப்புக் கலவை. கடலின் அளவான 1.025ஐத் தொட மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். மோலி மீன் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. சொட்டுச் சொட்டாகக் கடல்நீர் விட்டால் சில மணி நேரத்திலேயே பலவும் பழகிவிடும்.

வேகத்துக்கு வேறொரு கடிவாளமும் உண்டு. வடிகட்டியில் குடியிருந்து அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் உப்புக்குப் பழக வேண்டும். திடீரென உப்பு ஏறினால் அவை முடங்கி அம்மோனியா தேங்கும். கடல் உப்பு நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் உயர்த்துவதால் அதே அம்மோனியா இன்னும் கொடிய நஞ்சாகிறது. உப்பு நீரில் கரையும் ஆக்சிஜனும் குறைவு. மீன் மேற்பரப்பில் வாய் பிளந்தால் காற்றுக் குழாயைக் கூட்டிவிட்டு, ஏற்றுவதை அந்த வாரம் நிறுத்துங்கள்.

சமையல் உப்பு இதற்கு உதவாது. கால்சியமும் மக்னீசியமும் கார்பனேட்டும் சேர்ந்த கடல் உப்புக் கலவைதான் வேண்டும். அதையும் வாளியில் கரைத்து ஒரு நாள் காற்றுக் குமிழி ஓடவிட்ட பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும். ஒப்படர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் முள் வகை என்றால் முள்ளில் குமிழி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு குமிழி இருந்தால்கூட அது முள்ளைத் தூக்கி, இல்லாத உப்பைக் காட்டும். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை.

பேத்தைகள் எல்லாமே இதற்கு ஏற்றவை அல்ல. முதுகில் 8 என்ற எண் போன்ற கோடுள்ள ‘எட்டுப் பேத்தை’ என்ற வகைக்கு 1.005 போதும், கடலுக்கு ஏற்ற வேண்டியதில்லை. பச்சைப் புள்ளிப் பேத்தை கடல்நீர்த் தொட்டிக்கு வந்தபின் அங்குள்ள இறாலையும் நத்தையையும் விட்டுவைக்காது. ஓயாமல் வளரும் பற்களைத் தேய்க்க அதற்கு ஓடு கடிக்க வேண்டும். தனித் தொட்டியில் விட்டு, தவறாமல் நத்தை போடுங்கள்.